பிள்ளை பெற்றவளுக்குத் தலைவலி விடாவிட்டால்

தேயிலைத் தோட்டப் பெரியவர்களுக்கான சுகாதார உரை



உங்கள் வீட்டில் மகளோ மருமகளோ பேத்தியோ பிள்ளை பெற்றால், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர் நீங்கள்தான். என்ன சாப்பிடலாம், எப்போது தலைக்குக் குளிக்கலாம், எத்தனை நாள் பந்தாங் என்பதையெல்லாம் சொல்பவரும் நீங்கள்தான். அதனால்தான் இந்த விஷயத்தை இளம் பெண்களிடம் மட்டும் பேசாமல் உங்களிடமும் பேசுகிறோம்.

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929-ல் தொடங்கியது. லயத்து வீட்டிலேயே பிரசவம் பார்த்த அந்தக் காலத்துப் பேச்சுகளில் ‘பிரசவ சன்னி’ என்ற சொல்லை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பிள்ளை பெற்ற சில நாளில் தாய்க்குத் தலை பிளப்பதுபோல் வலி வரும். வாந்தி எடுப்பாள். பிறகு வலிப்பு வரும், பேச்சு குழறும். ‘காற்று கருப்பு பட்டுவிட்டது’ என்று மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். இப்படி வருவதற்குப் பல காரணங்கள் உண்டு. இரத்த அழுத்தம் ஏறி வரும் வலிப்பு ஒன்று. மூளையின் இரத்தக் குழாயில் இரத்தம் கட்டியாகி அடைத்துக்கொள்வது இன்னொன்று. இரண்டுக்குமே இன்று மருத்துவம் இருக்கிறது. இன்று இரண்டாவதைப் பற்றிப் பேசுவோம்.

மூளைக்கு இரத்தத்தைக் கொண்டுவரும் குழாய்கள் உண்டு. அந்த இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி எடுத்துச் செல்லும் குழாய்களும் உண்டு. திரும்பும் வழியில் கட்டி அடைத்தால் என்ன ஆகும்? வீட்டுப் பின்னால் லோங்காங் அடைத்துக்கொண்டால் மழைத் தண்ணீர் வாசலுக்கு ஏறுகிறது அல்லவா? அதுபோல இரத்தம் தேங்கி, மூளை வீங்குகிறது. சிலருக்கு உள்ளே இரத்தக் கசிவும் ஏற்படுகிறது.

பிள்ளை பெற்றவளுக்கு இது ஏன் வருகிறது? பிரசவத்தில் இரத்தம் அதிகம் போய்விடாமல் இருக்க, உடம்பு முன்கூட்டியே இரத்தத்தின் உறையும் சக்தியைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. இது இயற்கை தரும் காவல். ஆனால் பிரசவமான பின்பும் சுமார் 6 வாரம்வரை அந்தச் சக்தி கூடுதலாகவே இருக்கும். அந்த நேரத்தில் உடம்பில் தண்ணீர் குறைந்தால், காய்ச்சல் வந்தால், அசையாமல் படுத்தே கிடந்தால், கட்டி உண்டாகும் ஆபத்து இன்னும் கூடும்.

தமிழ்நாட்டு மருத்துவர்களுக்கு இது நெடுங்காலமாகத் தெரிந்த நோய். கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் மூளை இரத்தக் குழாய் அடைத்துக்கொண்ட 135 பெண்களைப் பற்றி, சென்னையைச் சேர்ந்த மருத்துவர் கே. சீனிவாசன் 1983-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் பழக்கமும் இந்நோய்க்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று இந்திய மருத்துவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள்.

‘தண்ணீர் குடித்தால் வயிறு தொங்கும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும்’ என்று நம் பாட்டிமார் சொன்னது அன்பினால்தான். ஆனால் தாய் குடிக்கும் தண்ணீரால் வயிறு தொங்குவதும் இல்லை, பிள்ளைக்குச் சளி பிடிப்பதும் இல்லை. இந்த மலைக் குளிரில் தாகம் சரியாகத் தெரியாது. பால் கொடுப்பவளுக்குத் தண்ணீர் கூடுதலாகவே வேண்டும். வெதுவெதுப்பாகக் கொடுங்கள், அடிக்கடி கொடுங்கள். சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை என்று அர்த்தம். பூண்டுக் குழம்பு, மிளகு ரசம் எல்லாம் இருக்கட்டும். தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள். வீட்டுக்குள் மெதுவாக நடக்கவும் விடுங்கள்.

இப்போது அடையாளங்களைக் கவனியுங்கள். தலைவலி நாளுக்கு நாள் கூடும். குனிந்தாலோ படுத்தாலோ இருமினாலோ அதிகமாகும். வாந்தி வரும். பார்வை மங்கும், அல்லது ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். ஒரு கை அல்லது கால் மரத்துப்போகும், பலம் குறையும். வலிப்பு வரலாம். ஆள் தூக்கக் கலக்கமாகவே இருப்பாள், சம்பந்தம் இல்லாமல் பேசுவாள். பிரசவமான 6 வாரத்துக்குள் இவற்றில் ஒன்று வந்தாலும் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதியிடம் உடனே சொல்லுங்கள், அல்லது கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். வலிப்பு, மயக்கம், கைகால் விழுதல் என்றால் 999-ஐக் கூப்பிடுங்கள். வலிப்பின்போது கையில் இரும்பு கொடுக்க வேண்டாம். வாயில் எதையும் வைக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், அது போதும்.

குழந்தைகளுக்கும் இந்நோய் வரும். வயிற்றுப்போக்கும் வாந்தியுமாக உடம்பு வற்றிய பிள்ளைக்கு வரலாம். காதில் சீழ் வடிவதை வைத்தியம் பார்க்காமல் விட்டால், காதுக்குப் பின்னுள்ள எலும்பு வழியாகக் கிருமி பரவி, பக்கத்துக் குழாயில் கட்டி உண்டாகலாம். சீழ் வடியும் காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். பச்சைப் பிள்ளை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலும், வலிப்பு வந்தாலும், அது அவசரம்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்? தலையை ஸ்கேன் எடுத்து, இரத்தக் குழாய்களையும் பார்ப்பார்கள். கட்டி இருந்தால் முதலில் ஹெப்பரின் என்ற ஊசி போடுவார்கள். ‘இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து’ என்று இதைச் சொல்கிறோம். உண்மையில் இரத்தம் தண்ணீராவதில்லை. கட்டி மேலும் வளராமல் இம்மருந்து தடுக்கிறது. இருக்கும் கட்டியை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்கிறது. ஜெர்மனியில் 20 நோயாளிகளிடம் இதைச் சோதித்து 1991-ல் முடிவை வெளியிட்டார்கள். ஹெப்பரின் பெற்ற 10 பேரில் ஒருவரும் இறக்கவில்லை. பெறாத 10 பேரில் 3 பேர் இறந்தார்கள். கட்டியினால் மூளைக்குள் சிறிது இரத்தம் கசிந்திருந்தாலும் பெரும்பாலும் இந்த ஊசியைப் போடுவார்கள். ‘இரத்தம் கசியும்போது இந்த மருந்தா?’ என்று பயந்து தடுத்துவிடாதீர்கள்.

‘டியூப் விட்டுக் கட்டியை எடுக்க முடியாதா?’ என்று பலர் கேட்கிறார்கள். முடியும். தொடை இடுக்கில் உள்ள குழாய் வழியாக மெல்லிய டியூப் ஒன்றைச் செலுத்தி, மூளைக் குழாய் வரை கொண்டுபோய், கட்டியின்மேலேயே கரைக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள், அல்லது கட்டியை உறிஞ்சி எடுப்பார்கள். ஆனால் எல்லாருக்கும் இது தேவையில்லை. கரைக்கும் மருந்து வேறு இடத்தில் இரத்தக் கசிவை உண்டாக்கலாம். 67 நோயாளிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2020-ல் வெளியானது. ஹெப்பரினோடு டியூப் சிகிச்சையும் பெற்றவர்கள், ஹெப்பரின் மட்டும் பெற்றவர்களைவிட அதிகமாகக் குணமடையவில்லை. ஆகவே ஊசி போட்டும் நிலை மோசமாகிக்கொண்டே போகிறவர்களுக்குத்தான் மருத்துவர்கள் இதை யோசிப்பார்கள். குழந்தைகளின் குழாய்கள் மிக மெல்லியவை என்பதால் இன்னும் அரிதாகவே செய்வார்கள். டியூப் போடவில்லை என்றால் கவனிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். நேரத்தோடு போட்ட ஊசியிலேயே பலர் எழுந்து நடந்து வீடு திரும்புகிறார்கள்.

அந்த நேரம் உங்கள் கையில்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரியும். இரவில் பனி மூடும். முதலில் தானா ராத்தாவில் உள்ள சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனைக்குப் போங்கள். தேவை என்றால் அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். ‘விடியட்டும் பார்க்கலாம்’ என்று இருக்காதீர்கள்.

வீடு திரும்பிய பின் சில மாதங்களுக்கு மாத்திரை தொடரும். வார்ஃபரின் என்றால் இரத்தப் பரிசோதனைக்குத் தவறாமல் போக வேண்டும். கீரையை ஒரு வாரம் நிறைய, மறு வாரம் இல்லை என்று வைக்காமல் ஒரே அளவாகக் கொடுங்கள். லேகியம், ஜாமு, வலி மாத்திரை எதுவானாலும் மருத்துவரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். வார்ஃபரின் எடுக்கும் தாய் பால் கொடுக்கலாம். ஆனால் மறுபடி கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கோவில் திருவிழாவுக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையையோ, கர்ப்பத்தடை மாத்திரையையோ அவளாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. அவற்றில் சில மறுபடியும் கட்டியை உண்டாக்கக்கூடும்.

அம்மாமார்களே, பந்தாங் வைப்பதை விடச் சொல்லவில்லை. அதோடு இரண்டு காரியங்களைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறோம். ஒன்று, பிள்ளை பெற்றவளுக்குத் தாராளமாகத் தண்ணீர் கொடுங்கள். இன்னொன்று, தினமும் காலையில் அவளிடம் கேளுங்கள்: ‘தலை வலிக்கிறதா, அம்மா?’ நேற்றைவிட அதிகம் என்று அவள் சொன்னால், அன்றைக்கே கிளம்புங்கள்.