கொடுத்துப் பார்ப்பது நோயறிதல் ஆகாது: ஊவாத் தோட்டங்களில் கரப்பானும் சிரங்கும்

  

இங்கே கூடியிருக்கும் வைத்தியர்களுக்கும் தோட்டச் சுகாதார ஊழியர்களுக்கும் இவ்வுரையின் பொருள் புதிதல்ல. உள்ளகப் பயிற்சியை முடித்த இளம் வைத்தியர் ஒருவர் தோட்டப்புற ஆஸ்பத்திரிக்கு நியமனம் பெற்று வருகிறார். முதல் வாரமே, சொறிந்துகொண்டிருக்கும் பிள்ளைகள் வரிசையில் வருகிறார்கள். மூத்தவர்கள் அவருக்குச் சொல்லித்தரும் பாடம் மிகச் சுருக்கமானது: லயத்துப் பிள்ளை சொறிந்தால் சிரங்கு, பெர்மெத்ரின் கொடுத்துப் பாருங்கள், சரிவராவிட்டால் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். தோல்நோய் நிபுணரின் வேலையை இளையவர் ஏன் சுமக்க வேண்டும் என்பதும் அவர்கள் கேள்வி. இந்தப் பாடம் தவறு என்பதே இவ்வுரையின் வாதம்.

மூத்தவர்கள் பக்கம் நியாயம் உண்டு. ஒரே காம்பராவில் பாட்டி முதல் பேரன் வரை சேர்ந்து படுக்கும் லயங்களில், அதாவது தோட்ட வரிசை வீடுகளில், சிரங்கு எளிதில் பரவும். உலக சுகாதார நிறுவனம் 2017இல் அதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களோடு சேர்த்தது. பிழை, மருந்தைக் கொடுத்துப் பார்க்கும் முறையில் இருக்கிறது. சிரங்குப் பூச்சி செத்த பிறகும் அரிப்பு இரண்டு முதல் நான்கு வாரம் வரை நீடிக்கும். ஆகவே, மருந்து பூசிய பத்தாம் நாள் பிள்ளை சொறிந்தால் அது சிரங்கு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. மறுபக்கம், கரப்பான் (அட்டோபிக் டெர்மடைட்டிஸ்) என்று எண்ணி ஸ்டிரொய்ட் பூசினால் சிரங்கின் அழற்சியும் ஓரளவு அடங்கும். பூச்சியோ பெருகிக்கொண்டே இருக்கும். இரண்டு மருந்தும் நம்பத்தகாத சாட்சிகள்.

லுணுகலைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வரும் இரண்டு வயதுப் பிள்ளை ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். தாய் கொழுந்து பறிக்கப் போயிருக்கிறார். அன்றைய பெயரை, அதாவது நாட்சம்பளத்தை, இழக்க முடியாது. தாயின் அம்மாவான அம்மாயிதான் தூக்கி வருகிறார். கை முழுக்கச் சொறிந்த தழும்பு, சில இடங்களில் சீழ். மேசைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தால் சிரங்கு என்று எழுதத்தான் தோன்றும்.

உடுப்பைக் கழற்றச் சொல்ல வேண்டும். முதலில் பார்க்க வேண்டிய இடம் அரை, அதாவது நாப்கின் கட்டும் பகுதி. கரப்பான் ஈரம் தங்கும் அந்த இடத்தைப் பெரும்பாலும் விட்டுவிடும். சிரங்கு விடாது, பிறப்புறுப்பிலும் அக்குளிலும் தடித்த முடிச்சுகளாக நிற்கலாம். அடுத்தது உள்ளங்கையும் உள்ளங்காலும்: இந்த வயதில் சிரங்கு அங்கேயும் கொப்புளம் போடும். பிறகு விரலிடுக்குகள். பிள்ளையினுடையது மட்டும் போதாது, அம்மாயியின் விரலிடுக்கையும் மணிக்கட்டையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். காம்பராவில் இரவில் வேறு யார் சொறிகிறார்கள் என்று கேட்க வேண்டும். முதல் முறை தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்பதால், யாரும் சொறியவில்லை என்ற பதிலோடு கேள்வியை முடித்துவிடக் கூடாது.

இனித் தோல். பாடநூற் படங்களின் இளஞ்சிவப்பை மண்ணிறத் தோலில் தேடினால் கிடைக்காது. அழற்சி இங்கே ஊதாவாக, சாம்பலாக, சில வேளை வெறும் கருமையாகத் தெரியும். மயிர்க்கால்களில் சிறு பருக்களாகவும் வரும். சிவப்பை மட்டும் நம்பி மதிப்பிட்டால் கறுப்பினக் குழந்தைகளின் கடுமையான நோய் மறைந்துபோகிறது என்று பென்-காஷிரும் ஹேயும் 2002இல் லண்டனிலிருந்து எழுதினார்கள். ஆகவே புறங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். கன்னம், முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புறம் சொரசொரக்கிறதா? தோல் தடித்திருக்கிறதா?

ஹைவெல் வில்லியம்ஸ் தலைமையிலான பிரித்தானியக் குழு 1994இல் தந்த அளவுகோல் இங்கே கைகொடுக்கும்: அரிப்போடு ஐந்தில் மூன்று குறிகள். நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு, இரண்டு வயதுக்கு முன் தொடங்கியதா என்ற குறியைக் கணக்கில் எடுப்பதில்லை. அதே வயதில், தாய், தகப்பன், கூடப்பிறந்தோருக்கு இழுப்பு (ஆஸ்துமா) இருந்தால் அது ஒரு குறி. பரீட்சை முடிந்ததும் மறந்துபோகும் விதி இது. அம்மாயியிடம் கேட்டால் இழுப்பு மட்டுமல்ல, நோய் கூடும் மாதமும் தெரியவரும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை மலையைத் தாண்டி வறண்டு இறங்கும் காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு மணத்தையும் விலையையும் தருகிறது. அதே காற்று இந்தத் தோலை வெடிக்கவைக்கும்.

இரண்டு நோயும் சேர்ந்தும் இருக்கலாம். அப்போது காம்பராவிலுள்ள எல்லோருக்கும் ஒரே நாளில் பெர்மெத்ரின், ஒன்று முதல் இரண்டு வாரத்தில் மறுபடி. கரப்பானுக்கு அதற்குரிய மருத்துவம். நீண்ட வரிசையில் இதற்கெல்லாம் நேரமேது என்று மூத்தவர்கள் கேட்பார்கள். தவறாக எழுதிய துண்டோடு அதே பிள்ளை மூன்று தடவை திரும்பி வரும் நேரத்தையும் அவர்கள் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சிகிச்சைப் பயிற்சி பற்றிச் சுருக்கமாக. ஸ்டிரொய்ட் என்றதும் தாய்மார் பயப்படுகிறார்கள், இளம் வைத்தியரும் பயப்படுகிறார். அதனால் பூசப்படும் அளவு போதாமல் போகிறது. லோங்கும் ஃபின்லேயும் 1991இல் சொன்ன விரல்நுனி அளவைச் செய்து காட்டலாம்: வளர்ந்தவரின் விரல்நுனி நீளத்துக்குப் பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம், அது வளர்ந்தவரின் விரல்களோடு சேர்ந்த இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். எண்ணெயைப் பொறுத்தவரை, பிலிப்பைன்ஸில் கரப்பான் உள்ள 117 குழந்தைகளிடம் செய்த ஆய்வில், வெர்ஜின் தேங்காயெண்ணெய் கனிம எண்ணெயைவிட நன்றாக வேலை செய்தது. பூஞ்சை மருந்தும் கடும் ஸ்டிரொய்டும் கலந்து பார்மசியில் கிடைக்கும் கிரீம்களைப் பற்றித் தனியே ஓர் உரை வேண்டும்.

செய்ய வேண்டியவை இன்னும் உண்டு. பெற்றோரின் சம்மதத்தோடு, நம் பிள்ளைகளின் தோலைக் காட்டும் படத்தொகுப்பு ஒன்று. தமிழ் தெரியாமல் தோட்டப்புறம் வரும் வைத்தியருக்கு, மேலே சொன்ன கேள்விகள் தமிழிலும் சிங்களத்திலும் ஓர் அட்டையில். பிள்ளைக் காம்பரா (குழந்தைக் காப்பக) ஆயம்மாமாருக்கு அரைநாள் பயிற்சி. கொழுந்து பறிக்கும் பெண்களின் கைத்தோல் அழற்சியை யாராவது ஆராய்வது நல்லது. வெப்பம் மிகுந்த மொனராகலையில் கரப்பான் எப்படி வருகிறது என்பதையும் பதுளையோடு ஒப்பிட வேண்டும்.