காய்ச்சல் விட்டபின் எப்போது ஓடலாம்?

(நூற்றாண்டு நடைபவனிக்கு மூன்று வாரங்களுக்கு முன்னர் நடந்த ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்பிலிருந்து வைத்தியத் துறைக்குப் போனவர்கள் நால்வர். இது நால்வரும் சேர்ந்து எழுதிய பேச்சு. போன மாதம் காய்ச்சலில் கிடந்தவர்கள் யார் என்று சற்று முன்னர் கேட்டோம். உயர்ந்த கைகளைப் பார்த்தபோது, பேசத்தான் வேண்டும் என்று பட்டது.

காய்ச்சலை மறைப்பதில் நாங்கள் கெட்டிக்காரிகள். இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு முதல்நாள் இரவு எங்கள் தோழி ஒருத்திக்கு நல்ல காய்ச்சல். காலையில் இரண்டு பனடோல் போட்டுக்கொண்டு அஞ்சலோட்டத்துக்கு வந்துவிட்டாள். கடைசிச் சுற்றை ஓடி முடித்து, கோட்டைத் தாண்டியதும் விழுந்தாள். தோடம்பழச் சுளையும் குளுக்கோசும் கொடுத்து எழுப்பினோம். இல்லத்துக்குப் புள்ளி கிடைத்தது, அவளைத் தோளில் தூக்கினோம்.

இப்போது நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. வைரஸ் சில வேளைகளில் தொண்டையோடு நிற்பதில்லை, இதயத் தசையிலும் அழற்சியை உண்டாக்கும். அந்த நேரத்தில் கடுமையாக ஓடினால் இதயத் துடிப்பின் ஒழுங்கு குலையலாம். அரிதாக உயிரே போகலாம். பனடோல் காய்ச்சலைத்தான் இறக்கும், வைரசை ஒன்றும் செய்யாது.

வெறும் மூக்கொழுகல் என்றால் மெதுவாக நடக்கலாம். காய்ச்சல், உடல் உளைவு, நெஞ்சுச் சளி இருந்தால் ஓய்வுதான். கொவிட்டுக்குப் பிறகு உடற்பயிற்சிக்குத் திரும்புவது பற்றி 2021இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வந்த வழிகாட்டல், அறிகுறிகள் நீங்கி 7 நாட்களாவது பொறுக்கச் சொல்கிறது. அதன்பின் இரண்டு வாரம் மிக இலேசான அசைவு மட்டும். பிறகு ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 7 நாள். பக்கத்தில் நடப்பவரோடு முழு வசனமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. (எங்கள் பழைய மாணவிகள் எந்த வேகத்திலும் பேசுவார்கள், அது வேறு கதை.) கணக்குப் பாருங்கள்: இந்த வாரம் காய்ச்சல் விட்டவருக்கு நடைபவனியன்றும் மெதுநடைதான்.

டெங்கு இன்னும் சூழ்ச்சிக்காரன். 2017இல் நாடு முழுவதும் 1,80,000க்கு மேற்பட்டோரைப் பிடித்தது. காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாட்கள்தான் அதில் ஆபத்தானவை. குருதி நாளங்களிலிருந்து நீர் கசிவது அப்போதுதான். எங்கள் அம்மாமாரோ காய்ச்சல் விட்டவுடனே வளவு கூட்டவும் கிணற்றில் தண்ணீர் அள்ளவும் புறப்பட்டுவிடுவார்கள். அதை யாரும் உடற்பயிற்சி என்று சொல்வதில்லை. இதயத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் ஜிம்முக்குப் போகும் தங்கைமாருக்கும் இதையேதான் சொல்கிறோம்.

ஏமாற்றுவது மறுநாள்தான். கொவிட் வந்து தேறிய எங்கள் நால்வரில் ஒருத்தி, வேலைக்குத் திரும்பிய அன்று விடுதிகளுக்கு மாடிப்படியால் ஏறி இறங்கினாள். அன்றைக்கு ஒன்றுமில்லை. மறுநாள் தலை இழுக்கக் கை தூக்க முடியவில்லை. வைத்தியர்களான எங்களுக்கே விளங்க ஒரு வாரம் எடுத்தது. இப்படி மறுநாள் சரிகிறவர்கள் வாராவாரம் பயிற்சியைக் கூட்டிக்கொண்டு போகக்கூடாது. சோம்பல் என்று வீட்டார் சொன்னால் எங்களிடம் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

நடக்கும்போது நெஞ்சு நோ, படபடப்பு, தலைச்சுற்று, வழமைக்கு மாறான இளைப்பு வந்தால் உடனே நில்லுங்கள். அன்றைக்கே ஈ.சி.ஜி. எடுங்கள். இதயத்தசை அழற்சி என்று தெரிந்தால் பொதுவாக 3 முதல் 6 மாதம் விளையாட்டு இல்லை.

நடைபவனி வழியில் தாகசாந்திப் பந்தல் போடுகிறோம். தேசிக்காய்த் தண்ணீர் கரைக்க ஆட்கள் வேண்டும், கதிரையும் உண்டு. அந்த அஞ்சலோட்டக்காரி போன மாதம் டெங்குவில் கிடந்தவள். முதல் பெயர் அவளுடையது.