பிரைட்டன் கடற்கரையில் நம்மவர் சுவடுகள்

(சாகணில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மலையும் ஆலைப் புகைபோக்கியும் சூழ்ந்த இச் சாகணில் கடற்கரை நகரொன்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் பணித்துள்ளார். அண்மையில் இங்கிலாந்து சென்றிருந்தபோது யான் கண்ட பிரைட்டன் நகரைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

இலண்டனிலிருந்து புகைவண்டியில் தெற்கே ஒரு மணி நேரப் பயணம். நம் மெரினாவைப் போல் மணற்பரப்பு இருக்கும் என எண்ணிச் செல்வோர் ஏமாறுவர். அங்கே காலடியில் நெருடுவன கூழாங்கற்களே. முன்னாளில் அது மீனவர் வாழ்ந்த சிற்றூர். 1750-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்னும் மருத்துவர் கடல்நீர் நோய் தீர்க்கும் என்று நூல் எழுதினார், செல்வர் திரண்டனர். 1783-இல் இளவரசர் ஜார்ஜ் வந்தார். 1841-இல் இருப்புப்பாதை வந்தது. பின்னர் ஏழையும் எளியரும் ஒருநாள் உல்லாசமாக வந்து போகும் ஊராயிற்று.

அவ்வூரின் நடுவே நிற்கும் ராயல் பெவிலியன் என்னும் மாளிகையைக் கண்டதும் திகைத்து நின்றேன். குமிழ்க் கோபுரங்களும் மினார்களும் வட இந்திய நகரொன்றையே நினைவூட்டின. 1815 முதல் 1823 வரை அதனைப் புதுக்கிய ஜான் நாஷ் இந்திய மண்ணை மிதித்ததே இல்லை; ஓவியங்களைக் கண்டே அமைத்தார். ஆனால் அந்நாளில் உண்மையான இந்தியர் ஒருவரும் அவ்வூரில் வாழ்ந்தார். பாட்னாவிற் பிறந்த தீன் முகம்மது 1814-இல் அங்குக் குடியேறி, நீராவிக் குளியலும் உடல் பிடித்துவிடுதலும் நடத்தினார். இரண்டு அரசர்களுக்கு அப்பணி புரிந்தார். இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் தலைக்குத் தேய்க்கும் 'ஷாம்பூ' என்னும் சொல், இந்தியில் அமுக்கிப் பிசைதலைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது. 1851-இல் அவர் மறைந்தார். அவர் கல்லறை அவ்வூர்த் தேவாலய வளாகத்தில் உள்ளது.

அன்பர்களே! இனிச் சொல்வது கேளிக்கைக் கதையன்று. முதல் உலகப்போரில் பிரான்சுப் போர்க்களத்திற் காயமுற்ற நம் வீரர்களுக்கு, 1914 டிசம்பரில் அம் மாளிகையே மருத்துவமனை ஆயிற்று. 1916 தொடக்கம் வரை ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்குச் சிகிச்சை பெற்றனர். அவரவர் சமய வழக்கிற்கேற்ப ஒன்பது சமையற்கூடங்களும், இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிக் குடிநீர்க் குழாய்களும் அமைக்கப்பட்டன. அக்கனிவை மறுப்பதற்கில்லை. ஆயினும், அரசர் தம் அரண்மனையையே ஈந்தார் என்று பரப்பினரே, அது உண்மையன்று; விக்டோரியா அரசியார் 1850-லேயே அதனை நகரத்தாருக்கு விற்றுவிட்டார். வெளியே உலாவக் கட்டுப்பாடு இருந்தது. வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் தணிக்கைக்கு உள்ளாயின. நன்றியும் உண்மையும் ஒன்றையொன்று மறைக்கலாகாது.

மருத்துவத்தாலும் பிழையாதவர் சிலர். முஸ்லிம் வீரர்கள் வோக்கிங் என்னும் ஊரில் அடக்கம் செய்யப்பட்டனர். இந்து, சீக்கிய வீரர் 53 பேர் நகருக்கு வெளியே பாட்சம் குன்றின்மேல் எரியூட்டப்பட்டனர். சாம்பல் கடலிற் கரைக்கப்பட்டது. அவ்விடத்தில் பம்பாயைச் சேர்ந்த இளங் கட்டடக் கலைஞர் ஹென்றிக்ஸ் வரைந்த வெண்பளிங்குச் சத்திரி 1921 பிப்ரவரி முதல் நாள் திறக்கப்பட்டது. புல் மேயும் ஆடுகளும் கடற்காற்றுமே அதற்குத் துணை. ஆனால் அவ்வீரர்தம் பெயர்கள் அவ்விடத்திற் பொறிக்கப்பட்டது 2010-ஆம் ஆண்டில்தான்! தொண்ணூறு ஆண்டுகளுக்குமேல் அவர்கள் எரிந்த இடத்தில் அவர்தம் பெயர் இல்லை. இன்று ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் அங்கே மக்கள் கூடி வணங்குகின்றனர்.

இச்செய்தி நமக்கு எதற்கு எனக் கேட்கலாம். நாம் நாள்தோறும் புனே செல்லும் வழியருகே உள்ளது கட்கி. அங்கிருந்து சென்ற பம்பாய் சாப்பர்ஸ் படையினர் 1914 அக்டோபர் 28-இல் நவ் ஷப்பேல் போரிற் பெரும் இழப்புற்றனர். அதே கட்கியில் இரண்டாம் உலகப்போரில் மாண்ட 1,600-க்கும் மேற்பட்டோர் துயிலும் போர்க் கல்லறை இருக்கிறது. மேற்கிந்தியாவிலும் நடு இந்தியாவிலும் சிதறிக் கிடந்த கல்லறைகள் பேணுவாரின்றி அழியலாகாது என்று அங்கே கொண்டுவந்து சேர்த்தனர். எவர் பெற்ற பிள்ளைகளோ, நம் அண்டையில் உறங்குகின்றனர். நம்மவர் பிள்ளைகளோ அவர்தம் கடலில் கரைந்தனர்.

பிழைப்பு நாடி ஊர்விட்டு வந்தவர் நாம். போருக்குச் சென்ற அவ்வீரர்க்கும் நமக்கும் நிலை வேறு. ஆனால் பிறந்த மண்ணுக்கு வெளியே ஒருவன் பெயர் எவ்வளவு எளிதில் மறைந்துவிடும் என்பதை நாம் அறிவோம். இருபது ஆண்டு வாழ்ந்த வீட்டைக் காலி செய்து போனவரின் பெயரை அடுத்த குடித்தனக்காரர் அறிவதில்லை அன்றோ?

ஆதலின் இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். ஒரு ஞாயிறன்று நம் பிள்ளைகளைக் கட்கிக்கு அழைத்துச் செல்வோம். கல்லிலுள்ள பெயர்களை அவர்கள் வாய்விட்டுப் படிக்கட்டும். மற்றொன்று, இக்குடியிருப்பில் வாழ்ந்து மறைந்த நம் முன்னோர் பெயர், பிறந்த ஊர், செய்த தொழில் ஆகியவற்றை ஓர் ஏட்டில் இவ்வாண்டே எழுதத் தொடங்குவோம். பளிங்கு மண்டபம் எழுப்ப நம்மிடம் பொருளில்லை. ஓர் ஏடும் எழுதுகோலும் உண்டு. அவர்களை அறிந்தவர் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே அதனைச் செய்துவிட வேண்டும்.