நாடு சரிந்தது, கொழுந்துக் கூடை நிற்கவில்லை

2022 ஏப்ரலில் இலங்கை சர்க்கார் வெளிக்கடனைக் கட்ட முடியாதென்று கைவிரித்தது. பெட்ரோலுக்கு ஜனங்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். ஜூலையில் ஜனாதிபதியே நாட்டைவிட்டு ஓடினார்.

மலையகத்தில் மட்டும் வேலை நிற்கவில்லை. மழையிலும் அட்டைக் கடியிலும் தாய்மார்கள் கொழுந்து பறித்துக்கொண்டே இருந்தார்கள்.

முந்திய ஆண்டு சர்க்கார் ரசாயன உரத்தைத் தடை செய்ததால் செடியில் கொழுந்து குறைந்தது. தராசு இரங்கியதா? இல்லை! நிர்ணயித்த எடை எட்டாவிட்டால் பல தோட்டங்களில் 'அரைப்பேர்'தான். அதாவது அரைநாள் கூலி!

தேயிலை விற்பது டாலருக்கு. கூலி கொடுப்பது ரூபாயில். 2021 மார்ச்சில் நிர்ணயித்த 1000 ரூபாய் நாட்கூலி அன்று ஏறத்தாழ 5 டாலர். 2022 மே மாதத்தில் அதே 1000 ரூபாய் 3 டாலர்கூட இல்லை. அவ்வாண்டு செப்டம்பரில் உணவு விலையோ, ஓராண்டுக்கு முன்பிருந்ததைவிட 90 சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டது. அடிப்படைக் கூலி 1350 ரூபாயானது 2024 செப்டம்பரில்தான்.

கடன் வாங்கியவர்கள் யார்? வயிற்றைக் கட்டி அடைத்தவர்கள் யார்?

அவர்கள் கேட்பது கருணையல்ல, தோழர்களே! விலைவாசியோடு கூலி ஏறட்டும். செடியின் விளைச்சலைப் பார்த்து எடையை நிர்ணயிக்கட்டும். இது நியாயம், இதற்குத் துணை நிற்பது நம் கடமை!