அடிகளார் நடந்த வழியில் நாமும்
(கண்டி யாத்திரைக்குப் பேர் கொடுத்தவர்கள் மத்தியில் ஆற்றிய உரை)



ஜனவரி 16 யோசேவாஸ் அடிகளாரின் திருநாள். அதற்கு முன்னால் கண்டிக்கு நடந்து போக இம்முறையும் பேர் கொடுத்திருக்கிறீர்கள். வேதக்காரர் மட்டுமில்லை, மாரியம்மன் கோயில் குடும்பங்களும் வருகின்றன. இரண்டு நாள் பேர் போனாலும் பரவாயில்லை என்று வருகிறீர்கள். கதிர்காமத்துக்கும் சிவனொளிபாத மலைக்கும் போய் வந்த சனங்களுக்கு நடையைப் பற்றி நாங்கள் என்ன சொல்லிக் கொடுக்க? ஆனாலும் ஒரு விஷயம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் அடிகளார் யாரென்று பிள்ளைகளுக்காக. கோவாவில் 1651-ல் பிறந்தவர். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்திருந்த காலத்தில், 1687-ல், கூலியாள் வேடத்தில் இங்கே வந்து இறங்கினார். கழுத்தில் செபமாலை போட்டுக்கொண்டு யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகப் பிச்சை கேட்டார். மாலையைப் பார்த்து யார் முகம் மாறுகிறது என்று கண்டுபிடிக்கத்தான்! 1692-ல் கண்டிக்கு வந்தபோது ஒற்றன் என்று பிடித்து அடைத்தார்கள். 1697-ல் கண்டியில் பெரியம்மை பரவியது. நோயாளிகளைச் சொந்தக்காரரே காட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். அடிகளார் குடிசை போட்டு, புண்ணைக் கழுவி, சாப்பாடு கொடுத்து, செத்தவர்களைப் புதைத்தார். 1711-ல் கண்டியிலேயே கண் மூடினார். 2015-ல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

கூலியாள் வேடம் என்றதும் நமக்கு உள்ளுக்குள் என்னவோ செய்கிறது. அவருக்கு அது வேடம். நம்ம பாட்டன் பூட்டன்மாருக்கு அது வேடமில்லை. மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தவர்கள். காய்ச்சலிலும் பேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். 2023-ல் அந்த நடையை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். போன தடவை எங்களோடு வந்த ஒரு அக்கா, அடிகளார் வெறுங்காலோடு நடந்தாரே என்று செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டார். அவருக்குச் சீனி வருத்தம். சொன்னால் வர வேண்டாமென்பார்கள் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. சீனியால் கால் மரத்துப் போனவர்களுக்குக் கல் குத்தினாலும் தெரியாது. இரவு தங்கின இடத்தில் பார்த்தால் கொப்புளம் உடைந்து ஒரே ரத்தம். பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு விரலை எடுக்க வேண்டி வந்தது. மூன்று மாதம் மலைக்குப் போகவில்லை, சம்பளமும் இல்லை. கேட்காமல் கூட்டிப் போனது எங்கள் பிழைதான்.

ஆகவே சீனி, பிரஷர் உள்ளவங்க மறைக்காதீங்க. வர வேண்டாம்னு சொல்ல மாட்டோம். மேஸ் போட்டு, பழகின சப்பாத்தில வாங்க, புதுசு கடிக்கும். மாத்திரையை மறக்காம எடுங்க. இரவு தங்குற இடத்தில ஒருத்தர் காலை ஒருத்தர் டோர்ச் அடிச்சுப் பார்க்கணும். இதில என்ன கூச்சம், அடிகளார் முன்பின் தெரியாதவர் புண்ணையே கழுவினவர். பின்னால ஒரு வேனும் வரும். ஏறினா நேர்த்தி கெட்டுப்போகும்னு யாரும் நினைக்க வேண்டாம்.

அந்த அக்கா இம்முறையும் பேர் கொடுத்திருக்கிறார். வேனில முன் சீட்டு அவருக்குத்தான்.