முதல் காமிரா



பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலை ஓரமாக மாலை மயங்கும் வேளையில் சற்றே நின்று பாருங்கள். 2023-ஆம் ஆண்டின் இறுதியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கப்படும் வரை, பண்டிகைக்குத் தென் மாவட்டங்களுக்குச் செல்வோர் மூட்டை முடிச்சுகளுடன் திரண்டு நின்ற இடம் அது. இன்றும் மாலை நேரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருப்போர் முகங்களில், ஒருபுறம் கடை விளக்கின் ஒளியும் மறுபுறம் இருளும் படிகின்றன. இக்காட்சியைப் படமெடுக்க விழையும் மாணவர் ஒருவர் எத்தகைய டிஜிட்டல் காமிராவை வாங்கவேண்டும்? முதன்முதலாகக் காமிரா வாங்குகிறவருக்கு இக்கேள்வியே நல்ல உரைகல். ஏனெனில், அதற்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் மாணவருடையதன்று. பெற்றோர் மாதந்தோறும் மிச்சம் பிடித்த பணம்.

விளம்பரங்கள் முதலில் சொல்வது மெகாபிக்ஸல் கணக்கு. படம் சிறு சிறு புள்ளிகளால் ஆனது. பத்து லட்சம் புள்ளிகள் சேர்ந்தது ஒரு மெகாபிக்ஸல். 1975-இல் அமெரிக்காவில் கோடக் நிறுவனத்துப் பொறியாளர் ஸ்டீவன் ஸாஸன் உருவாக்கிய டிஜிட்டல் காமிரா 10,000 புள்ளிகளையே பதிந்தது. ஒரு படத்தை நாடாவில் பதிய 23 விநாடி ஆயிற்று. அங்கிருந்து நெடுந்தூரம் வந்துவிட்டோம். ஆறு அங்குலத்துக்கு நான்கு அங்குலம் என்ற அளவில் தெளிவாக ஒரு படம் அச்சிட ஏறக்குறைய 22 லட்சம் புள்ளிகளே போதும். தொடக்க நிலைக் காமிராக்களிலும் இதைப்போல் பல மடங்கு இருக்கிறது. ஆகவே, அந்த எண்ணை மட்டும் நம்பித் தேர்ந்தெடுப்பது அறிவுடைமை ஆகாது.

பின் எதைப் பார்ப்பது? ஒளியை வாங்கும் உணர்தகட்டின் பரப்பைப் பாருங்கள். ஒளியை மழையாகவும், தகட்டை முற்றத்தில் வைத்த தாம்பாளமாகவும் எண்ணிக்கொள்ளுங்கள். சிறிய தாம்பாளத்தில் கிண்ணங்களை நெருக்கி அடுக்கினால் ஒவ்வொன்றிலும் விழும் நீர் குறையும். மெல்லிய காமிராக்கள் பலவற்றின் தகடு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் அகலமே உடையது. லென்ஸை மாற்றக்கூடிய தொடக்க நிலைக் காமிராக்கள் பலவற்றில் அது 22 முதல் 24 மில்லிமீட்டர் வரை இருக்கும். பரப்பில் ஏறத்தாழ 12 மடங்கோ அதற்குச் சற்று மேலோ இருக்கும். நண்பகலில் இவ்வேறுபாடு அவ்வளவாகப் புலப்படாது. மாலை இருளில்தான் சிறிய தகட்டின் படம் மணல் தூவியதுபோல் பொரிந்து நிற்கும்.

எனினும், பெரிய தகடே எல்லோருக்கும் ஏற்றது என்று நான் சொல்லவில்லை. அருகிலுள்ள வண்டலூர் உயிரியல் பூங்காவில் தொலைவில் நிற்கும் மானைப் படமெடுக்க விரும்புவோருக்கு நீண்ட ஜூம் வேண்டும். அதைச் சிறிய தகட்டுக் காமிரா குறைந்த விலையில் தருகிறது. பெரியதற்குத் தனி லென்ஸ் வாங்க நேரிடும். லென்ஸ் நகர்ந்து பெரிதாக்குவதே உண்மையான ஜூம். டிஜிட்டல் ஜூம் என்பது படத்தின் ஓரங்களை வெட்டி, எஞ்சியதை விரித்துக் காட்டுவதேயாகும். நீண்ட ஜூமும் இல்லாத மலிவான சிறு காமிரா, உங்கள் கைப்பேசி தருவதற்கு மேல் அதிகம் தந்துவிடாது. அந்தப் பணத்தை வீட்டிலேயே விட்டுவைக்கலாம்.

கடைக்குச் செல்லும்போது நினைவட்டை ஒன்றைக் கொண்டு செல்லுங்கள். கடைக்காரர் இசைந்தால், கடையின் இருண்ட மூலையை ஒரு படமும், அசைகின்ற கையை ஒரு படமும் எடுத்து, வீட்டில் பெரிய திரையில் ஆராயுங்கள். பொத்தானை அழுத்தியதும் படம் பதிகிறதா, தயங்குகிறதா என்பதைக் கவனியுங்கள். பழைய காமிராவாயின் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நம் கடற்கரை நகரின் ஈரக்காற்றில் உள்ளே பூஞ்சணம் படர்வது உண்டு. உபரி பாட்டரி, நினைவட்டை, பை இவற்றின் விலையையும் முன்கூட்டியே கூட்டிக்கொள்ளுங்கள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குத் திண்டாடுதல் கூடாது.

இவ்வளவுக்கும் முன்னதாகச் செய்யவேண்டியது ஒன்று உண்டு. ஒரு மாத காலம் கைப்பேசியிலேயே நாள்தோறும் படம் எடுங்கள். இருட்டில் தோற்றீர்களா, தொலைவில் தோற்றீர்களா என்று குறித்து வையுங்கள். அந்தக் குறிப்போடு கடைக்குப் போகிறவர் தமக்கு வேண்டியதைக் கேட்டு வாங்குவார். மற்றவர் கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வருவார்.