சுண்ணாம்பும் குளோரினும்: தனிமம் எது, சேர்மம் எது?



வேதியியல் படிக்காதவருக்கும் விளங்கும்படி பேச வேண்டும் என்பது இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் விதி. ஆகவே பள்ளிப் பாடம் ஒன்றையே எடுத்துக்கொண்டேன். தனிமம் ஒரே வகை அணுக்களால் ஆனது. சேர்மம், தனிமங்கள் குறிப்பிட்ட விகிதத்தில் வேதிமுறையில் இணைந்தது. மனப்பாடம் செய்ய இது போதும். ஆனால் ஒரு பொருளைக் கையில் கொடுத்து, இது எந்த வகை என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? அணுவைப் பற்றி எதுவும் தெரியாத காலத்தில் என்ன செய்தார்கள்?

கண் உதவாது. கந்தகம் மஞ்சள் தூள், பாதரச ஆக்சைடு சிவப்புத் தூள். இரண்டும் பார்வைக்கு ஒரே சீராகத்தான் இருக்கும். காற்றுப் படாமல் சூடாக்கினால் கந்தகம் உருகும், ஆறினால் மறுபடி கந்தகமே. சிவப்புத் தூளோ பாதரச மணிகளாகவும் ஒரு வாயுவாகவும் பிரிந்துவிடும். அந்த வாயுதான் ஆக்சிஜன். பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் இதையே அளவுகோலாக்கினார். நம்மிடமுள்ள எந்த வழியாலும் மேற்கொண்டு பிரிக்க முடியாத பொருளைத் தனிமம் என்று கொள்வோம், பிரிக்கும் வழி கிடைக்கும் வரை. மேல்முறையீட்டுக்கு இடம் வைத்த தீர்ப்பு அது. அவருடைய பெருமையே அந்த இடம் வைத்ததில்தான் இருக்கிறது என்பேன்.

1789இல் அவர் வெளியிட்ட பட்டியலில் 33 தனிப்பொருள்கள். ஒளியும் வெப்பமும்கூட அதில் உண்டு, சிரிக்க வேண்டாம். சுண்ணாம்பும் இருந்தது. சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு போய்ச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் பிரியாது. இரும்புத் தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பறிக்கிற கரி, சுண்ணாம்பிடம் தோற்றுப்போகும். அதிலுள்ள ஆக்சிஜன் மீது கால்சியத்தின் பிடி அவ்வளவு இறுக்கம். சுண்ணாம்பு ஏதோ ஓர் உலோகத்தின் ஆக்சைடாக இருக்கும் என்று லவாய்சியர் சந்தேகித்தார். நிரூபிக்க அவகாசம் கிடைக்கவில்லை. 1794 மே 8 அன்று கில்லட்டினில் அவர் தலை வெட்டப்பட்டது.

தீயால் ஆகாததை மின்சாரம் செய்தது. 1807 அக்டோபரில் ஹம்ஃப்ரி டேவி, லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில், லேசாக ஈரமாக்கிய பொட்டாஷ் காரத்தில் மின்கல அடுக்கின் மின்சாரத்தைப் பாய்ச்சினார். பாதரசம் போல மின்னும் சிறு மணிகள் வந்தன. சில வந்த வேகத்திலேயே வெடித்து எரிந்தன. அது பொட்டாசியம். சில நாளில் சோடியம். மறு ஆண்டு சுண்ணாம்பும் பணிந்தது; கால்சியம் வெளிப்பட்டது.

எனக்கு மிகவும் பிடித்த வழக்கு இதற்கு நேர் எதிரானது. 1774இல் ஸ்வீடனில் ஷீலே ஒரு பசுமஞ்சள் வாயுவைத் தயாரித்தார். அமிலம் என்றாலே அதில் ஆக்சிஜன் இருக்க வேண்டும் என்பது லவாய்சியர் கொள்கை. ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலிருந்து வந்த இந்த வாயுவில் ஆக்சிஜன் இன்னும் கூடுதலாக இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். 1809இல் கே-லூசாக்கும் தெனாரும் அதைப் பழுக்கச் சுட்ட கரியின் மேல் செலுத்தினார்கள். ஆக்சிஜன் இருந்தால் கரி அதைப் பற்றியிருக்கும், ஒன்றும் நடக்கவில்லை. இது தனிமமாகவும் இருக்கலாம் என்று எழுதினார்கள், ஆனால் பழைய கொள்கையை விட மனம் வரவில்லை. சோதனை கையில் இருந்தது, துணிவு இல்லை. டேவியும் கரியை வெண்சூடாக்கிப் பார்த்தார். அவருக்கும் ஆக்சிஜன் கிடைக்கவில்லை. 1810இல் இது தனிமமே என்று அறிவித்துக் குளோரின் என்று பெயரிட்டார். பெர்சீலியஸ் போன்ற பெரியவரே இதை ஏற்கப் பல ஆண்டுகள் ஆயின.

சமையல் உப்பின் இரு பாதிகளையும் அடையாளம் காட்டியவர் டேவி என்ற இந்த ஒரே மனிதர்தான். தூத்துக்குடி உப்பளத்து உப்பானாலும் போலந்துச் சுரங்கத்து உப்பானாலும், தூய்மையாக்கி எடைபோட்டால் 23 பங்கு சோடியத்துக்கு 35.5 பங்கு குளோரின். கலவையை விருப்பப்படி கலக்கலாம். சேர்மத்தில் அந்தச் சலுகை கிடையாது.

ஆனாலும் பிரிக்க முடியவில்லை என்பது சான்று இல்லாமையைத்தானே காட்டுகிறது? 1841இல் மொசாண்டர் அறிவித்த டிடிமியம் நாற்பது ஆண்டுக்கு மேல் தனிமமாக உலவியது. மெண்டலீவின் தனிம அட்டவணையிலும் இடம் பிடித்தது. 1885இல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் அதை நியோடிமியம், பிரசியோடிமியம் என்று இரண்டாகப் பிரித்தார். அது சேர்மம்கூட அல்ல, இரு தனிமங்களின் கலவை.

இந்தத் தொல்லையை முடித்தவர் ஹென்றி மோஸ்லி. 1913இல், தனிமங்கள் உமிழும் எக்ஸ் கதிர்களின் அதிர்வெண்ணை அளந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு எண் உண்டு என்று காட்டினார். அணுக்கருவின் மின்சுமைதான் அந்த எண். பிரிக்கத் தேவையில்லை, எண்ணைப் பார்த்தால் போதும். மறு ஆண்டு பாரிசிலிருந்து உர்பேன், தாம் கண்டுபிடித்ததாகக் கருதிய 72ஆம் தனிமமான செல்டியத்தை ஆக்ஸ்ஃபோர்டுக்கு, மோஸ்லியிடம் எடுத்துவந்தார். மோஸ்லியின் கருவியில் 72ஆம் எண்ணுக்குரிய கோடுகள் தென்படவில்லை; ஏற்கெனவே அறிந்த தனிமங்களின் கோடுகளே இருந்தன. 1915 ஆகஸ்டில் கலிப்போலிப் போர்க்களத்தில் மோஸ்லி இறந்தபோது அவருக்கு வயது 27. காலியாகக் கிடந்த அந்த 72ஆம் இடத்தை 1923இல் கோஸ்டரும் ஹெவெசியும் கோபன்ஹேகனில் நிரப்பினார்கள். சிர்கான் கனிமத்தில், எக்ஸ் கதிர்க் கோடுகளைக் கொண்டே அவர்கள் கண்ட தனிமம் ஹாஃப்னியம்.